செய்தி மூலத்திலிருந்தே வரட்டும்

(நமது நாக்பூர் கிளையின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நோட்டீஸ் பலகையில் இன்றைய நிகழ்ச்சியாக "ஆர்.எஸ்.எஸ். – ஓர் அறிமுகம்" என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்த இரண்டு மாமாக்கள், "நம் சங்கத்தில் அரசியல் கூடாது என்று விதி இருக்கிறதே?" என்று செயலாளரிடம் விசாரித்தார்களாம். நாக்பூரில் இருந்துகொண்டு அந்த மூன்று எழுத்துக்களைப் பார்த்தால் வேறு நினைப்பு எப்படி வரும்? ஆனால் நான் பேச வந்திருப்பது அதைப் பற்றி அல்ல. இது கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட ஆர்.எஸ்.எஸ். இதற்குச் சந்தா கிடையாது, கட்சி கிடையாது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

ஒரு வலைத்தளத்தில் புதிதாக ஏதாவது வந்தால், நாம் அங்கே போய்ப் பார்க்காமலேயே அது நமக்குத் தெரியவரும் ஏற்பாடுதான் இது. ஆங்கிலத்தில் ஃபீட் என்கிறார்கள். தமிழில் இணையத்தில் எழுதத் தொடங்கியவர்கள் இதற்குச் செய்தியோடை என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர். நானும் ஓடை என்றே சொல்கிறேன்.

இப்போது இதைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செய்தி நமக்கு எப்படி வருகிறது?

நம்மில் பெரும்பாலோருக்கு இன்று செய்தி வரும் வழி வாட்ஸ்ஆப். யாரோ எழுதியதை யாரோ அனுப்ப, அதை நம் சம்பந்தி அனுப்ப, நாம் நாலு பேருக்கு அனுப்புகிறோம். அதை முதலில் எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்று கேட்டால் பதில் இல்லை. கேட்பதும் இல்லை.

2023 மே 19, வெள்ளிக்கிழமை சாயந்திரம் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டாயிரம் ரூபாய் நோட்டுக்களைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அன்று அறிவித்தது. அந்த அறிக்கையிலேயே விவரம் எல்லாம் இருந்தது. நோட்டு தொடர்ந்து செல்லும். மே 23 முதல் எந்த வங்கியிலும் ஒரு தடவைக்கு ரூ.20,000 வரை மாற்றிக்கொள்ளலாம். செப்டம்பர் 30 வரை அவகாசம் உண்டு. இந்த அவகாசம் பிறகு அக்டோபர் 7 வரை நீட்டிக்கவும் பட்டது.

ஆனால் நம் கைக்கு வந்தது அந்த அறிக்கை அல்ல. "நாளை முதல் செல்லாது" என்று ஒருவர் அனுப்பினார். "ஆதார் நகலும் படிவமும் இல்லாமல் போகாதீர்கள்" என்று இன்னொருவர். படிவமும் வேண்டாம், அடையாளச் சான்றும் வேண்டாம் என்று பாரத ஸ்டேட் வங்கி தன் கிளைகளுக்கு எழுத வேண்டியிருந்தது. எங்கள் குடியிருப்பில் எண்பது வயதைக் கடந்த ஒரு மாமி, கையில் ஐந்து நோட்டும் ஆதார் ஜெராக்ஸுமாக, மே மாத நாக்பூர் வெயிலில் வங்கி வாசலில் வரிசையில் நின்றார். அவருக்கு நான்கு மாத அவகாசம் இருந்தது. அதை அவரிடம் சொல்லத்தான் ஆள் இல்லை.

அதற்குப் பிறகும் நம்மை நேராகத் தொடும் அறிவிப்புகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. வங்கிகள் எல்லாம் தங்கள் வலைத்தள முகவரியை 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும்படி 2025 அக்டோபர் 31-க்குள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அந்த ஆண்டு ஏப்ரல் 22 அன்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. இது நமக்கு எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். "உங்கள் கே.ஒய்.சி. காலாவதியாகிவிட்டது, இங்கே தட்டுங்கள்" என்று ஒரு செய்தி வந்தால், அதிலுள்ள முகவரியின் வாலைப் பார்த்தே சந்தேகப்படலாம். அடுத்தது, 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக நியமிக்கலாம் என்ற சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இரண்டு பிள்ளைகள் வெளிநாட்டிலும் ஒரு பெண் பெங்களூரிலும் இருக்கும் குடும்பங்களுக்கு இது சாதாரண விஷயமா? இங்கே இருப்பவர்களில் இந்த இரண்டு செய்திகளும் வெளிவந்த வாரத்திலேயே தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன். ஐந்து கைகள்கூட எழவில்லை.

ஆக, செய்தி இல்லாமல் இல்லை. அது பிறந்த இடத்திலிருந்து நம் வீட்டுக்கு வரும் வழியில்தான் கலப்படம் ஆகிறது, அல்லது காணாமல் போகிறது. மூலத்திலிருந்து நம் கைக்கு ஒரு நேர் பாதை போட முடியுமா என்றால், முடியும். அந்தப் பாதை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது.

ஓடை எப்படி வேலை செய்கிறது?

நீங்கள் தினமும் பத்து இடங்களுக்குப் போய் நோட்டீஸ் பலகையைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோயில், ஒரு வங்கி, பேத்தி படிக்கும் காலேஜ், நம் சங்கம், இப்படி. பத்து இடத்துக்கும் நடந்து போனால், ஒன்பது இடத்தில் புதிதாக ஒன்றும் இருக்காது. வீண் அலைச்சல். அதற்குப் பதிலாக நம்பிக்கையான ஒரு பையனை அமர்த்துகிறீர்கள். அவன் ஒரு மணிக்கு ஒரு தரம் பத்துப் பலகைகளையும் பார்த்துவிட்டு வந்து, புதிதாக ஒட்டியதை மட்டும் ஒரே தாளில் எழுதி உங்கள் மேஜையில் வைக்கிறான். ஓடை என்பது இதுதான்.

கம்ப்யூட்டரில் அந்தப் பலகை ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. வலைத்தளத்தின் உள்ளே ஒரு நிலையான முகவரியில் இருக்கும். எக்ஸ்.எம்.எல். என்ற முறையில் எழுதப்பட்டிருக்கும். அதைத் திறந்து பார்த்தால் நமக்கு ஒன்றும் புரியாது. அது நம் கண்ணுக்காக எழுதப்பட்டதும் அல்ல. ஒவ்வொரு செய்திக்கும் தலைப்பு, இணைப்பு, ஒரு சுருக்கம், தேதி, நேரம், இவற்றோடு தனியாக ஓர் அடையாள எண் அதில் இருக்கும். ஆபீஸில் ஒவ்வொரு தபாலுக்கும் இன்வர்டு நம்பர் போடுவோமே, அதுபோல.

பையனுக்குப் பதில் வேலை செய்வது ரீடர் என்ற ஒரு மென்பொருள். தமிழில் திரட்டி என்பார்கள். நீங்கள் சேர்த்து வைத்த முகவரிகளுக்கு எல்லாம் அது அவ்வப்போது போய், அடையாள எண்ணைப் பார்த்து, முன்பு பார்க்காததை மட்டும் எடுத்து வரும். "போன தடவை நான் வந்த பிறகு ஏதாவது மாறியிருக்கிறதா?" என்று கேட்கும் வசதியும் உண்டு. மாறவில்லை என்றால் வலைத்தளம் "இல்லை" என்று ஒரு சின்னப் பதிலோடு நிறுத்திக்கொள்ளும். அதனால் டேட்டா செலவும் குறைவு.

இதில் மூன்று விசேஷங்கள் இருக்கின்றன.

முதலாவது, உங்கள் பட்டியலில் என்ன இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் நீங்கள் மட்டுமே. நீங்கள் சேர்க்காத முகவரியிலிருந்து ஒரு வரிகூட உள்ளே வராது. முகநூலிலும் யூடியூபிலும் அப்படி இல்லை. அங்கே எதை முன்னால் காட்டுவது, எதை மறைப்பது என்று கம்பெனி தீர்மானிக்கிறது. நாம் எதைப் பார்த்துக் கோபப்படுகிறோமோ, எதைப் பார்த்து அதிக நேரம் உட்காருகிறோமோ, அதையே மேலும் காட்டும்.

இரண்டாவது, ஓடையில் வருவது தேதி வரிசைப்படி வரும். கடைசிச் செய்தி வரை பார்த்தால் முடிந்தது. "இன்றைக்கு அவ்வளவுதான்" என்று மூடி வைத்துவிட்டு சந்தியாவந்தனத்துக்கோ வாக்கிங்குக்கோ போகலாம். பேப்பரை மடித்து வைக்கிற திருப்தி அதில் இருக்கிறது.

மூன்றாவது, நீங்கள் யார் என்று அந்த வலைத்தளத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன் நம்பர் கேட்காது, ஈமெயில் கேட்காது. வேண்டாம் என்றால் உங்கள் பட்டியலிலிருந்து நீக்கினால் போதும். "என் பெயரை எடுத்துவிடுங்கள்" என்று யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

பிறந்த கதை

இது 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிறந்தது. அவர்களுடைய முகப்புப் பக்கத்தில் பல தளங்களின் தலைப்புச் செய்திகளை ஒரே இடத்தில் காட்ட ஒரு பொதுவான முறை தேவைப்பட்டது. அதை உருவாக்கியவர்கள் டான் லிபி, ராமநாதன் குஹா என்ற இருவர். குஹா சென்னை ஐ.ஐ.டி.யில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். பிறகு கூகுளில் பணியாற்றி இணையத்துக்கு இன்னும் பல பொது முறைகளைத் தந்தவர். நம் ஊரில் படித்த ஒருவர் கை வைத்த காரியம் என்பதில் நாம் கொஞ்சம் பெருமைப்படலாம்.

நெட்ஸ்கேப் இதைக் கைவிட்ட பிறகு, டேவ் வைனர் என்பவர் இதை எளிமையாக்கி வளர்த்தார். 2000-ம் ஆண்டு டிசம்பரில் இன்னொரு குழு தனியாக ஒரு முறையை வெளியிட்டது. அந்தக் குழுவில் ஆரன் ஸ்வார்ட்ஸ் என்று ஒரு பையன் இருந்தான். அப்போது அவனுக்கு வயது பதினான்கு! 2002-ல் வைனர் வெளியிட்ட இரண்டாம் பதிப்புதான் இன்றும் பரவலாகப் புழங்குகிறது. 2003-ல் அதன் உரிமையை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் மையத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆட்டம் என்ற இன்னொரு முறையும் 2005 டிசம்பரில் இணையப் பொதுத் தரமாக வந்தது. இந்த வகைகளைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. எந்த ரீடரும் எல்லாவற்றையும் படிக்கும்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இது எந்தக் கம்பெனியின் சொத்தும் அல்ல. தபால் பெட்டி போல, யாரும் போடலாம், யாரும் எடுக்கலாம்.

தமிழுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2004-ல் தொடங்கிய தமிழ்மணம் என்ற திரட்டி, உலகெங்கும் தமிழில் எழுதியவர்களின் பக்கங்களை இந்த ஓடைகள் மூலமாகத்தான் ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டியது. பம்பாயில் உட்கார்ந்து எழுதியவரைக் கனடாவில் இருந்தவர் அன்றே படித்ததற்குப் பின்னால் இருந்தது இதே முறைதான்.

பிறகு ஏன் நாம் கேள்விப்படவில்லை?

நியாயமான கேள்வி. இவ்வளவு நல்ல விஷயம் என்றால் எல்லோரும் பயன்படுத்த வேண்டாமா?

ஒரு காலத்தில் பயன்படுத்தினார்கள். 2005 அக்டோபரில் கூகுள் ரீடர் வந்தது. இலவசம், சௌகரியம். பிற ரீடர்களை விட்டுவிட்டு ஏராளமான பேர் அதற்கு மாறினார்கள். 2013 ஜூலை 1 அன்று கூகுள் அதை மூடிவிட்டது. கடை மூடியதும், சரக்கே இல்லாமல் போய்விட்டது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டில் ட்விட்டரும் தன் ஓடைகளை நிறுத்தியது. 2018 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் பிரௌசர் தன்னுள் இருந்த ஓடை வசதியை எடுத்துவிட்டது.

பெரிய கம்பெனிகளுக்கு இதில் ஆதாயம் குறைவு. நீங்கள் அவர்கள் பக்கத்துக்கு வந்து உட்கார்ந்தால்தான் விளம்பரம் காட்ட முடியும். செய்தி மட்டும் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால் அவர்களுக்கு என்ன லாபம்?

ஆனால் ஓடைகள் வற்றவில்லை. நீங்கள் போனில் கேட்கும் பாட்காஸ்ட் இருக்கிறதே, அது ஆர்.எஸ்.எஸ். ஓடைதான். ஓடையில் ஒரு செய்தியோடு ஒலிக்கோப்பையும் சேர்த்து அனுப்பலாம் என்ற வசதி 2000-லேயே வந்தது. 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸில் பாட்காஸ்ட்டுகளைச் சேர்த்துக்கொண்ட பிறகு அது உலகம் முழுவதும் பரவியது. இங்கே பல மாமிகள் சமையலறையில் வேலை செய்துகொண்டே பாட்காஸ்ட்டில் உபன்யாசம் கேட்கிறீர்கள். புதிய பகுதி வந்ததும் தானாகவே போனில் வந்து நிற்கிறதல்லவா? அப்படியானால் ஆர்.எஸ்.எஸ்.ஸை நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பெயர்தான் தெரியாது.

ஆரம்பிப்பது எப்படி?

பத்து நிமிஷ வேலை. லீவுக்கு வந்திருக்கும் பேரனோ பேத்தியோ பக்கத்தில் இருந்தால் ஐந்து நிமிஷம்.

முதலில் ஒரு ரீடர் வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் ஃபீட்லி, இனோரீடர் இரண்டும் கிடைக்கும். கணக்கு ஒன்று தொடங்க வேண்டும். இலவசப் பிரிவே நமக்குத் தாராளம். பணம் கட்டச் சொல்லி வரும் அழைப்புகளைத் தள்ளிவிடலாம். ஐபோன், ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு நெட்நியூஸ்வயர் என்று ஒன்று முழுக்க இலவசமாக இருக்கிறது. மற்ற கம்ப்யூட்டர்களில் ஈமெயில் பார்க்க தண்டர்பேர்டு வைத்திருப்பவர்கள் அதிலேயே ஓடைகளையும் படிக்கலாம். கடைசியாகச் சொன்ன இரண்டிலும் புதுக்கணக்குக்கூட வேண்டாம், பட்டியல் உங்கள் மிஷினிலேயே இருக்கும்.

அடுத்து, ஓடையின் முகவரியைக் கண்டுபிடிக்க வேண்டும். வலைத்தளத்தின் அடிப்பகுதியில் ஆரஞ்சு நிறச் சதுரம் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இடது கீழ் மூலையில் ஒரு புள்ளி, அதிலிருந்து ரேடியோ அலை மாதிரி இரண்டு வளைவுகள். அதுதான் ஓடையின் சின்னம். சின்னம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தளத்தின் சாதாரண முகவரியை ரீடரில் ஒட்டிப் பாருங்கள். ஓடை இருந்தால் பெரும்பாலும் அதுவே தேடிப் பிடித்துவிடும். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் அமைத்த தளமானால், முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு எஃப், இ, இ, டி என்று நான்கு எழுத்துக்களைச் சேர்த்தால் ஓடை வந்துவிடும். யூடியூப் சேனல்களுக்கும் ஓடை உண்டு. சேனலின் முகவரியை ஃபீட்லியிலோ இனோரீடரிலோ ஒட்டலாம்.

எந்த ஓடைகளைச் சேர்க்கலாம்? ஐந்தோடு ஆரம்பியுங்கள் என்பது என் யோசனை.

ஒன்று, ரிசர்வ் வங்கி. அவர்கள் பத்திரிகைக் குறிப்புகளுக்கு ஓர் ஓடையும், வங்கிகளுக்கு அனுப்பும் உத்தரவுகளுக்கு வேறோர் ஓடையும் வைத்திருக்கிறார்கள். முதல் ஓடையில் பணச்சந்தைக் கணக்கு போன்ற தினசரி விவரங்களும் வரும். அவற்றைத் தள்ளிவிட்டுத் தலைப்பை மட்டும் ஓட்டமாகப் பார்த்தால் ஒரு நிமிஷம் ஆகும். நோட்டு, டெபாசிட், கே.ஒய்.சி. என்று கண்ணில் பட்டால் திறந்து படியுங்கள்.

இரண்டு, மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம். பி.ஐ.பி. என்பார்கள். அகவிலைப்படி உயர்வு, பென்ஷன், மத்திய மந்திரிசபை முடிவுகள் எல்லாம் அதிகாரபூர்வமாக வெளிவரும் இடம் அது. நாளொன்றுக்கு நிறைய வரும் என்பதால் தலைப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்று, ஷேர், மியூச்சுவல் ஃபண்டு வைத்திருப்பவர்களுக்கு செபி.

நான்கு, ஒரு பத்திரிகை. இந்து ஆங்கில நாளிதழ் பிரிவு வாரியாகத் தனித்தனி ஓடைகள் தருகிறது. பி.பி.சி. தமிழுக்கும் ஓடை இருக்கிறது.

ஐந்தாவது உங்கள் மனசுக்குப் பிடித்த ஒன்று. சங்கீதம், வானசாஸ்திரம், கிரிக்கெட், சமையல், எதுவானாலும் சரி. இது இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் ரீடரைத் திறப்பதையே விட்டுவிடுவோம்!

சில எச்சரிக்கைகள்

ஓடை என்பது ஒரு வாய்க்கால்தான். ஊற்றில் நல்ல தண்ணீர் இருந்தால்தான் வாய்க்காலில் நல்ல தண்ணீர் வரும். பொய்த்தளம் ஒன்றின் ஓடையைச் சேர்த்தால் பொய் ஒழுங்காக, நேரம் தவறாமல் வரும். அதனால் முகவரியை ஒரு முறைக்கு இருமுறை சரிபாருங்கள். யாரோ வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய இணைப்பை அப்படியே சேர்க்காதீர்கள். சம்பந்தப்பட்ட தளத்துக்கு நீங்களே போய் அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பட்டியலை நகல் எடுத்து வையுங்கள். கூகுள் ரீடர் மூடியபோது தன் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டவர்கள் மறுநாளே வேறு ரீடரில் தொடர்ந்தார்கள். ஒவ்வொரு ரீடரிலும் 'எக்ஸ்போர்ட்' என்று ஒரு வசதி இருக்கும். ஓ.பி.எம்.எல். என்ற வகைக் கோப்பாகப் பட்டியல் வரும். அதை உங்களுக்கு நீங்களே ஈமெயில் செய்து வைத்துக்கொண்டால் போதும். எந்த ரீடரும் நாளைக்கே கடையைக் கட்டலாம். பட்டியல் நம் கையில் இருந்தால் கவலை இல்லை.

மூன்றாவது, ஐந்து ஐம்பதாகிவிடக் கூடாது. "படிக்காதவை 1,000" என்று காட்டினால் மனசுக்கு ஒரு பாரம். ஒரு மாதமாகத் திறக்காத ஓடையைக் கூசாமல் நீக்கிவிடுங்கள். அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாட்ஸ்ஆப்பை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பேரக்குழந்தையின் போட்டோ ஓடையில் வராது. க்ஷேம சமாசாரத்துக்கு வாட்ஸ்ஆப், பொது விஷயத்துக்கு ஓடை என்று பிரித்துக்கொள்ளலாம் என்கிறேன். யாராவது குழுவில் ஒரு பரபரப்பான செய்தியைப் போட்டால், சண்டை போடாமல் ரீடரைத் திறந்து பாருங்கள். மூலத்தில் இருந்தால் அந்த இணைப்பைப் போடுங்கள். இல்லாவிட்டால் "ரிசர்வ் வங்கி தளத்தில் இப்படி ஒன்றும் இல்லையே மாமா" என்று மரியாதையாக ஒரு வரி எழுதுங்கள். ஒரு குழுவில் இப்படி ஒருவர் இருந்தால் போதும், ஐம்பது குடும்பங்களுக்குப் பாதுகாப்பு.

நம் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள்

இந்த உரை நம் காலாண்டிதழில் வெளிவரும் என்று செயலாளர் சொன்னார். அதனால் மற்ற ஊர்க் கிளைகளின் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை.

சென்ற ஆண்டு நம் கிளையின் கல்வி உதவித்தொகைக்கு மனு கேட்டு அறிவிப்பு வந்தது. வலைத்தளத்தில் போட்டார்கள். வாட்ஸ்ஆப் குழுவிலும் போட்டார்கள். போட்ட நாள் தீபாவளி. நூற்றுக்கணக்கான வாழ்த்துப் படங்களுக்கு அடியில் அந்த அறிவிப்பு போய்விட்டது. தகப்பனாரை இழந்த ஒரு மாணவன், வேறு ஊரில் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவன், கடைசித் தேதிக்கு நான்கு நாள் கழித்து போன் செய்தான். மார்க் இருந்தது, தகுதி இருந்தது. விதியை ஒருவருக்காக மாற்ற முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்த ஒரு வருஷ ஃபீஸுக்கு அவன் அம்மா வளையலை அடகு வைத்தார் என்று பிறகு தெரிந்தது.

அந்த அறிவிப்பைப் போட்டவர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். போட்டது போய்ச் சேர வழிதான் இல்லை. நம் கிளையின் தளம் வேர்ட்பிரஸில் அமைந்தது. ஆகவே அதற்கு ஓடை ஏற்கெனவே இருக்கிறது! யாரும் ஒரு காசு செலவு செய்ய வேண்டியதில்லை. முகவரியை உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. மற்றக் கிளைகளிலும் பல தளங்கள் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் இளைஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மூன்று காரியங்கள் செய்தால் போதும். ஓடையின் முகவரியை முகப்பிலும் காலாண்டிதழின் பின்னட்டையிலும் அச்சிடுங்கள். ஒவ்வொரு அறிவிப்பையும் தனித்தனியாகப் போட்டு, தலைப்பிலேயே ஊர், விஷயம், கடைசித் தேதி மூன்றையும் எழுதுங்கள். "முக்கிய அறிவிப்பு" என்று மட்டும் தலைப்பு வைத்தால் யாருக்கு என்ன புரியும்? நோட்டீஸை போட்டோ எடுத்துப் படமாக மட்டும் போடாமல், விஷயத்தை எழுத்திலும் கொடுங்கள். படத்தில் உள்ள எழுத்து ஓடையின் சுருக்கத்தில் வராது. கண் பார்வை குறைந்தவர்களுக்குப் போன் வாசித்துக் காட்டவும் எழுத்து இருந்தால்தான் சௌகரியம்.

எல்லாக் கிளைகளும் இதைச் செய்துவிட்டால், கல்கத்தாவில் இருக்கும் பையனுக்கு ஹைதராபாத் கிளையின் உதவித்தொகை தெரியும். ஜாம்ஷெட்பூரில் இருப்பவருக்கு டில்லியில் நடக்கும் சமஷ்டி உபநயனம் முன்கூட்டியே தெரியும். நாம் பல ஊர்களில் சிதறி இருக்கிறோம். நமக்கு இது மற்றவர்களைவிட அதிகம் தேவை.

கடைசியாக, கூட்டம் முடிந்ததும் காபி சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். பின்வரிசையில் இரண்டு இளைஞர்கள் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். போனைக் கொடுத்தால் ரீடர் போட்டு, ரிசர்வ் வங்கி ஓடையையும் நம் கிளையின் ஓடையையும் சேர்த்துக் கொடுப்பார்கள். பாஸ்வேர்டை மட்டும் நீங்களே தட்டுங்கள், அவர்களிடம்கூடச் சொல்ல வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, மூலத்திலிருந்து நேராகப் படித்த ஒரு செய்தியை ஒவ்வொருவரும் கொண்டு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.